நிற்கும் தூரம்

மார்ச் 3, திங்கள்

ஆறரைக்குக் கிளம்பினோம். இன்று என் மனைவிக்கு டயாலிசிஸ். திங்கள், புதன், வெள்ளி. பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் ஒரு கால அட்டவணை என்னை விடவில்லை.

மருத்துவமனைக்கு முந்தைய திருப்பத்தில் ஓர் அம்மாள் துணிப்பையோடு சாலையைக் கடந்துகொண்டிருந்தார். பார்த்தேன். மிதித்தேன். வண்டி நின்றது, ஆனால் அவர் பையை உரசிய பிறகுதான். பையிலிருந்து ஓர் ஆரஞ்சு உருண்டு ஓடியது. அவர் திட்டவில்லை. கண்ணாடி வழியாக என்னை ஒரு முறை பார்த்தார். குனிந்து பழத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

வண்டியை மறுபடி எடுத்ததும் இவள்தான் பேசினாள். "பிரேக் சரியில்ல போலிருக்குங்க. மெக்கானிக்கிட்ட காட்டிடுங்க."

ஆமாம். பிரேக்தான். வண்டிக்கும் பதினோரு வயதாகிறது.

மார்ச் 4, செவ்வாய்

எங்கள் மெக்கானிக் ஸ்பேனரையும் சரி, வார்த்தையையும் சரி, தேவைக்கு மேல் எடுக்கமாட்டார். முன் சக்கரங்களைக் கழற்றிப் பார்த்தார்.

"பிரேக் பேடு பாதிக்கு மேல இருக்கு சார். டிஸ்க் ஓரத்துல கொஞ்சம் தேஞ்சு வரப்பு விழுந்திருக்கு. மாத்தணும்னா ரெண்டையும் மாத்திடலாம். அவசரமில்ல."

"இதவிடப் பெரிசா போட முடியுமா?"

கையைத் துடைத்தபடி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "போடலாம். பெரிய டிஸ்க், அதக் கவ்விப் பிடிக்கற காலிப்பரும் பெரிசு, அதுக்கேத்த மாதிரி வீலும் பெரிசு பண்ணணும். எதுக்கு சார்? அம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறீங்களா, பந்தயத்துக்கா?"

பிறகு அவரே விளக்கினார். மலை இறக்கத்தில் திரும்பத் திரும்ப மிதித்தால் சின்ன டிஸ்க் சூடேறிப் பிடிப்பு விட்டுவிடும், பெரியது தாங்கும். தெருவில் ஒரு தடவை மிதித்து நிற்பதற்கு இதுவே போதும். "கடைசியில நிறுத்தறது டயர்தான் சார்."

வகுப்பாக இருந்தால் நான் இப்படிச் சொல்லியிருப்பேன்: ஒரு கரண்டித் தண்ணீர் சட்டென்று கொதித்துவிடும், ஓர் அண்டாத் தண்ணீர் கொதிக்க நேரமாகும். ஆனால் ஒரே ஒரு தீக்குச்சிக்கு அண்டா எதற்கு?

புரிகிறது. ஆனாலும் மனசு அண்டாவைத்தான் கேட்கிறது.

மார்ச் 5, புதன்

போகும்போது மெதுவாகவே ஓட்டினேன். பின்னால் வந்தவர்களெல்லாம் ஹாரனாலேயே என்னை வைதார்கள். அவளுக்கு உற்சாகம். வழியில் எப்போதும் பார்க்கும் ஒரு குண்டு மனிதரும் அவர் நாயும் இன்றும் எதிரே வந்தார்கள். "பாருங்க, இன்னைக்கும் அந்த நாய் அவர வாக்கிங் கூட்டிட்டு வந்திருக்கு."

போகிற நாற்பது நிமிடம்தான் அவள் பேசுகிற நேரம். திரும்பும்போது கண்ணாடியில் தலை சாய்த்துக் கிடப்பாள். மறுநாள் முழுக்கப் படுக்கை. ஆக, ஒரு வாரத்தில் எனக்கு என் மனைவி கிடைப்பது மூன்று நாற்பது நிமிடங்கள். அதற்காகவாவது இந்த வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்க வேண்டும்.

மார்ச் 8, சனி

உதிரிபாகக் கடைக்குப் போய் அந்தப் பெரிய பிரேக்கைப் பார்த்தேன். காலிப்பருக்குச் சிவப்பு வண்ணம் அடித்திருந்தார்கள். போட்டோ எடுத்து வந்து, படுக்கையில் இருந்த அவளிடம் காட்டினேன்.

"எழுபது வயசுக்கு லிப்ஸ்டிக் கேக்குதா உங்களுக்கு?" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "போட்டா சரியாயிடுமா?" என்றாள்.

ஏன் அப்படிக் கேட்டாள்?

மார்ச் 9, ஞாயிறு

காலையிலிருந்து கணக்கு. ஒரு வண்டி நிற்கும் தூரத்தில் இரண்டு பகுதி உண்டு. ஆபத்தைக் கண் பார்த்ததிலிருந்து கால் மிதிக்கும்வரை ஓடும் தூரம் ஒன்று. மிதித்த பிறகு ஓடும் தூரம் இன்னொன்று. முப்பத்து நாலு வருஷமும் பிள்ளைகள் முதல் பகுதியை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டுமே எழுதுவார்கள். சிவப்பு மையில் சுழித்துப் பாதி மதிப்பெண்ணைக் குறைப்பேன்.

என் விடைத்தாளில் அந்தக் குறை இருக்கக்கூடாதே! மர ஸ்கேலை எடுத்து அவளை உயரப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். வகுப்பில் செய்யும் அதே சோதனை. அவள் சொல்லாமல் விட வேண்டும், நான் இரண்டு விரலால் பிடிக்க வேண்டும். ஐந்து முறை செய்தோம். நான் பிடிப்பதற்குள் ஸ்கேல் விழுந்த தூரம் சராசரி இருபத்திரண்டு சென்டிமீட்டர். அதாவது, ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். இளைஞன் கை!

"பாத்தியா?" என்றேன்.

"கை நல்லாத்தாங்க இருக்கு" என்றாள்.

ஆக, முதல் பகுதியில் குறையில்லை. பெரிய பிரேக்கே போட்டுவிடலாம்.

மார்ச் 10, திங்கள்

சிக்னலில் முன்னால் நின்ற வண்டியை இடித்திருப்பேன். ஒரு சாண்தான் மிச்சம்.

 அவள் இன்று குண்டு மனிதரைப் பற்றிக்கூடப் பேசவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

பெரிய பிரேக்கே வாங்கிவிடுங்கள் என்று சொல்லத்தான் போனேன். மெக்கானிக் சாவியை வாங்கித் தானே ஒரு சுற்று ஓட்டினார். நாலு முறை அழுத்தி நிறுத்தினார். நாலு முறையும் ஆணி அடித்தாற்போல் நின்றது.

"இப்ப நீங்க ஓட்டுங்க சார். நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

ஓட்டினேன். "நிறுத்துங்க" என்றார். நிறுத்தினேன். மறுபடியும் "நிறுத்துங்க". நிறுத்தினேன். ஐந்தாறு முறை. அவர் சாலையைப் பார்க்கவே இல்லை, குனிந்து என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வண்டியை ஓரம் கட்டச் சொன்னார். பிறகு தன் காலடியில் கிடந்த விரிப்பைக் காட்டி, "இந்தப் பக்கம் யாரு சார் உக்காருவாங்க?" என்றார்.

"என் வீட்டம்மாதான்."

அந்த விரிப்பில், வலது கால் படும் இடத்தில், ரப்பர் தேய்ந்து ஓட்டை விழுந்திருந்தது. ஒரு குதிகால் அளவுக்கு. இடது கால் பக்கம் புதுசு மாதிரி இருந்தது.

"நீங்க மிதிக்கறதுக்கு முன்னாடி அவங்க இங்கருந்து மிதிச்சிருக்காங்க. அவங்களுக்கு முன்னாடியே தெரியும்னு நெனைக்கறேன் சார்" என்றார். "மிதிக்கறதுக்கு முன்னால உங்க கால் பெடலத் தேடுது. கெடச்சதுக்கப்புறம் நல்லாத்தான் மிதிக்கறீங்க."

காலைச் சோதிக்க வேண்டிய இடத்தில் கையைச் சோதித்திருக்கிறேன்.

இல்லை. இன்னும் உண்மையாக எழுதுகிறேன், இதை யாரும் திருத்தப் போவதில்லை. போன வருஷம் சர்க்கரை டாக்டர் என் பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க, நூல் மாதிரி ஒன்றை வைத்து, "தெரியுதா? இப்போ?" என்று கேட்டார். கண்ணை மூடச் சொல்லியிருந்தார். நான் லேசாகத் திறந்து, எதிரே அலமாரிக் கண்ணாடியில் அவர் கை போகும் இடத்தைப் பார்த்துப் பார்த்து "தெரியுது, தெரியுது" என்றேன். எத்தனை பிள்ளைகளைக் காப்பியடித்ததற்காக வெளியே நிற்க வைத்திருப்பேன்!

அவளிடம் போய் உட்கார்ந்தேன். "ஏன் பிரேக்னு சொன்ன?"

"வேற என்னன்னு சொல்ல?" என்றாள். "அந்தம்மா போனப்புறமும் வண்டிய எடுக்காம ஸ்டியரிங்க எப்படி இறுக்கிப் பிடிச்சுக்கிட்டிருந்தீங்க தெரியுமா. அதப் பாத்துட்டு எப்படிங்க சொல்ல முடியும்? அப்புறம்…"

"அப்புறம்?"

"நீங்க ஓட்டலேன்னா நான் தனியாப் போகணுமே. நானும் கண்ண மூடிக்கிட்டேன்னு வச்சுக்கோங்க."

ஓர் ஆரஞ்சு மட்டும்தான் உருண்டது. மட்டும்தான். அந்த அம்மாள் இன்னும் ஓர் அடி பின்னால் இருந்திருந்தால்?

மார்ச் 12, புதன்

மெக்கானிக்கே வந்து எங்களை ஓட்டிக்கொண்டு போனார். பின் இருக்கையில் இருவரும் கல்யாண ஜோடி மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருந்தோம். ஆனால் அவள் கால் மட்டும் வழியெல்லாம் எதையும் மிதிக்காமல் நீட்டிக் கிடந்ததைப் பார்த்தேன்.

மார்ச் 13, வியாழன்

டயாலிசிஸ் பிரிவிலேயே ஒரு வேன் இருக்கிறதாம். வீட்டு வாசலில் ஏற்றி, வாசலில் இறக்கிவிடுவார்களாம். நர்ஸ் போனில் அன்பாகத்தான் பேசினார். "ஆனா சார், பேஷண்டுக்கு மட்டும்தான் சீட்டு. கூட வர்றவங்க ஏறக்கூடாது." வாரம் மூன்று நாளும் வாடகைக் கார் என் ஓய்வூதியத்துக்குக் கட்டுப்படியாகாது. நான் பஸ்ஸில் போய் வரவேற்பறையில் காத்திருக்கலாம். அந்த நாற்பது நிமிடம் மட்டும் கிடைக்காது.

மார்ச் 15, சனி

வெளியூரிலிருந்து மகள் வந்தாள். வண்டி இனி அவளுக்கு. சாவியை வாங்கிக்கொண்டு, "அப்பா, அப்பப்போ வந்து உங்களக் கூட்டிட்டு சுத்தறேன்" என்றாள். சொன்ன கையோடு பேச்சை மாற்றினாள். "பிரேக் பெரிசா போடப் போறீங்கன்னு அம்மா சொன்னாங்களே?"

"வேணாம்மா. வண்டி வந்தப்ப என்ன இருந்துதோ அதே அளவு."

புதுப் பேடு, புது டிஸ்க், புது பிரேக் எண்ணெய். மெக்கானிக் இரண்டு மணி நேரத்தில் முடித்துவிட்டார். பழைய விரிப்பை மாற்றட்டுமா என்று கேட்டார். மாற்றுங்கள் என்றேன். சுருட்டி என் கையில் கொடுத்தார். குப்பையில் போடவா என்று அவர் கேட்கவில்லை.

மார்ச் 17, திங்கள்

ஆறு இருபதுக்கு வேன் வந்தது. உள்ளே ஏற்கெனவே மூன்று பேர். ஓட்டுநர் கைகொடுத்து ஏற்றிவிட்டார். ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, "உள்ள போங்க, பனி கொட்டுது" என்றாள். "நாய்க்காரரப் பாத்தா வந்து சொல்றேன்."

திரும்பி வந்ததும் அவளால் பேச முடியாது என்பது இருவருக்கும் தெரியும்.

வாசலிலேயே நின்றேன். தெருக்கோடியில் ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. வேனின் பின்னால் இரண்டு சிவப்பு விளக்குகளும் பளிச்சென்று எரிந்தன. நின்றது, நல்ல இடைவெளி விட்டு. பிறகு திரும்பி மறைந்தது.

உள்ளே போகலாம் என்று திரும்பியபோதுதான் கீழே பார்த்தேன். வாசல் தெளித்த ஈர மண்ணில் என் வலது செருப்பு ஒரு விரல் ஆழத்துக்கு அழுந்திப் பதிந்திருந்தது.