வரிசை மாறிக் கேட்ட ஆல்பம்

மார்ச் 6

தாளத்துக்கு,

நலம். நீயும் உன் அக்காவும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

போனில் சொல்லக் கூடாதா என்று கேட்காதே. புது ஆல்பம் வந்தால் கேட்டதும் எழுத வேண்டும், எழுதிய பிறகுதான் பேச வேண்டும் என்பது கல்யாணத்துக்கு முன்பே நீ போட்ட சட்டம். நாம் பிரிந்து பதினாலு மாதம் ஆனால் என்ன? நாம் இரண்டு பேரும் உயிராகக் கேட்ட பேண்ட் ஒன்பது வருஷம் கழித்து வாயைத் திறந்திருக்கும்போது சட்டத்தை மீற எனக்கு மனம் வரவில்லை. பட்டியலைப் பார்க்கவில்லை, பாட்டின் பெயரைப் பார்க்கவில்லை. இன்று லிஃப்ட் சர்வீஸ் மத்தியானமே முடிந்துவிட்டது. மொட்டை மாடி மோட்டார் ரூமில் கருவிப்பெட்டி மேல் உட்கார்ந்து, போனைக் கவிழ்த்து வைத்து, ஒரே மூச்சில் கேட்டேன்.

முதல் பாட்டில் ஒரு கிட்டார், நாம் கரகரப்பு என்று பெயர் வைத்த பாடகர், அவ்வளவுதான். கதவு திறந்தே இருக்கிறது, வா என்கிறார். குரலுக்கு வயதாகிவிட்டது, தாளம். முன்பு லிஃப்டில் போன உயரத்துக்கு இப்போது படியேறிப் போகிறார்.

இரண்டும் மூன்றும் பழைய ரகளை. நெட்டையன் கிட்டாரை இழுத்த இழுப்பில் நான் எழுந்து குதித்து, தலையை இரும்புச் சட்டத்தில் இடித்துக்கொண்டேன். நாலாவதில் வயலின். ராக் பேண்டுக்கு வயலின் எதற்கு? யார் வீட்டு வரவேற்புக்கு வாசிக்கிறார்கள்? மற்றவை போகப் போகப் பிடிக்கலாம். புது டிரம்மர் பரவாயில்லை. நானே பரவாயில்லை என்கிறேன் என்றால் பார்த்துக்கொள்.

ஒன்பதாவதுதான் என்னை உட்காரவைத்துவிட்டது. எல்லாரும் சேர்ந்து இரைகிறார்கள். பூட்டை மாற்றிவிட்டேன், வாசலில் நிற்காதே என்று கரகரப்பு கத்த, அடியின் நடுவிலேயே டிரம் நின்றுபோகிறது. பிறகு ஒன்றுமே இல்லை.

வா என்று ஆரம்பித்துப் போ என்று முடித்துவிட்டார்கள். இதற்குமேல் யார் வந்து சொல்ல வேண்டும்? விவாகரத்துக் காகிதம் மூன்று மாதமாக என் டிராயரில் கிடந்தது. கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். ஆல்பத்தைக் கேட்டு நீ எழுதிய தாளையும் அனுப்பு.

இப்படிக்கு,
மெக்கானிக்


மார்ச் 10

மக்கு மெக்கானிக்குக்கு,

உன் போனில் ஷஃபிள் போட்டிருக்கிறாய்! பாட்டுகளைக் கலைத்துப்போட்டுக் கேட்டிருக்கிறாய். பட்டியலை ஒரு தடவை பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்கக் கூடாது என்ற சட்டத்தை மட்டும் என்ன ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்கிறாய்!

நான் கேட்ட அன்றைக்கே எழுதிய தாளை இதோடு வைத்திருக்கிறேன், ஒப்பிட்டுப் பார். கண்ணாடிக் கடையில் சாப்பாட்டு இடைவேளையில், லென்ஸ் தேய்க்கும் அறையைச் சாத்திக்கொண்டு கேட்டேன். உன் ஒன்பதாவதுதான் உண்மையில் முதல் பாட்டு. உன் முதல் பாட்டு கடைசி. வயலின் எட்டாவது. ஏழு பாட்டு சண்டை போட்டு ஓய்ந்த இடத்தில் அது வருகிறது. நான் அழுதேன். வயலினைப் பற்றி இன்னொரு வார்த்தை பேசினால் தெரியும் சேதி.

புது டிரம்மர் ஒவ்வொரு அடியையும் ஒரு மயிரிழை தாமதமாக, வேண்டுமென்றேதான் போடுகிறான். அதையே கவுண்டரில் தட்டிக்கொண்டிருந்தேன். கண் பரிசோதனைக்கு வந்தவர் எழுத்துப் பலகையை என் தாளத்துக்குப் படிக்க ஆரம்பித்துவிட்டார்.

சிரித்து முடித்த பிறகுதான் கோபம் வந்தது. நான் கேட்டேன், அக்கா கேட்டாள், வக்கீல் கேட்டார். யாருக்கும் போடாத கையெழுத்தை ஒரு பாட்டுக்காகப் போட்டிருக்கிறாய். அதுவும் தப்பாகக் கேட்ட பாட்டுக்காக.

நீ எப்போதும் இப்படித்தான். நான் கிளம்பிய அன்று வாசலில் நாலு வாக்கியம் சொன்னேன். "நான் அக்கா வீட்டுக்குப் போறேன்" என்பது முதலாவது. அதோடு நீ கதவைச் சாத்திவிட்டாய். மீதி மூன்றையும் கதவிடம்தான் சொன்னேன்.

காகிதத்தை வக்கீலிடம் இன்னும் கொடுக்கவில்லை. முதலில் ஆல்பத்தை ஒழுங்காகக் கேள்.

தாளம்


மார்ச் 15

அன்புள்ள தாளம்,

வரிசைப்படி இரண்டு தடவை கேட்டுவிட்டேன். வயலின் விஷயத்தில் நீ சொன்னதே சரி, என் வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். ஆனால் முதல் தடவை கேட்பது ஒரு தடவைதான். அதைக் கெடுத்துக்கொண்டேன்.

நாலு நாளாக நான் யோசிப்பது பாட்டைப் பற்றி அல்ல. அந்த மூன்று வாக்கியம் என்ன? நீ போகிறேன் என்றதும் எனக்குக் காது அடைத்துவிட்டது. வருத்தத்தைக் காட்டத் தெரியாமல் வேகத்தைக் காட்டினேன். அந்த வாரக் கடைசியிலேயே உன் சாமான்களை வேனில் ஏற்றி அனுப்பினேன். நீ கேட்கும் முன்பே நானே அனுப்பிவிட்டேன் என்று அன்று எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. தப்பு என்னுடையது.

காகிதத்தை என்ன செய்வது என்று நீயே முடிவு செய். அந்த மூன்றை மட்டும் எழுது. கடைசிவரை படிக்கிறேன்.

உன்
மெக்கானிக்


மார்ச் 21

அன்புள்ள மெக்கானிக்குக்கு,

கேட்டதற்கு நன்றி. இத்தனை மாதத்தில் அக்காகூட அதைக் கேட்கவில்லை.

இரண்டாவது: "அப்பா போனதுலேருந்து எனக்கு ஒழுங்கா அழக்கூட முடியல." என் கண் கலங்கினாலே நீ தண்ணீர், மாத்திரை, யோசனை என்று பழுதுபார்க்க வந்துவிடுவாய். அன்பில்தான் வந்தாய், தெரியும். மூன்றாவது: "ரெண்டு நாள் அழுதுட்டு வந்துடறேன்." நாலாவது: "சனிக்கிழமை நீயே வந்து கூட்டிட்டுப் போ."

அந்தச் சனிக்கிழமை காலை பத்து மணியிலிருந்து அக்கா வீட்டு முன்னறையில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வண்டிச் சத்தம் கேட்டதும் ஓடினேன். வேன்காரர் நின்றிருந்தார். அவர் முதலில் இறக்கியது என் தலையணை.

உன்மேல் இப்போது கோபம் இல்லை. உன் கடிதத்தைப் படித்தபோது, உன்னை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று மறுபடி தெரிந்தது. அதனால் இதை எழுத ஐந்து நாள் ஆனது. ஆனால் அன்று பையோடு காத்திருந்தவளை அந்த நாற்காலியிலிருந்து எழுப்ப நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவளைத் திரும்பக் கூப்பிட்டு உட்காரவைக்க என்னால் ஆகாது. காகிதத்தை நேற்று வக்கீலிடம் கொடுத்துவிட்டேன்.

உன்னை எனக்குத் தெரியும், இதைப் படித்ததும் வண்டிச் சாவியைத் தேடுவாய். அந்தச் சனிக்கிழமை நீ வந்திருந்தால் செருப்புக்கூடப் போடாமல் உன்னோடு வந்திருப்பேன். இந்தச் சனிக்கிழமை வராதே.

தாளம்