சேகர் கொண்டுவந்த கெய்ஷா

வியாழன், இரவு.

இன்று சேகரைப் பழிவாங்கிவிட்டேன். கொருக்குப்பேட்டை காப்பிக் கிடங்கில் எனக்கு மேலாளராக இருந்தவன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எல்லோர் முன்னாலும், "மீனு துன்ன நாக்குக்குக் காப்பி ருசி இன்னா தெரியும்? போயி கருவாடு வித்துகினு கெட" என்று என்னை வெளியே அனுப்பினான்.

இப்போது அவன் தரகன். நான் ராயபுரம் ஏற்றுமதி அலுவலகத்தில் ருசி பார்ப்பவள். நான் சரி என்றால்தான் முதலாளி வாங்குவார். காலையில் அபூர்வமான கெய்ஷா ரகக் காப்பிக்கொட்டை என்று ஒரு சிறு பையோடு வந்தான்.

"பழசெல்லாம் மனசுல வெச்சிக்காதம்மா. ஒரு வாய் குடிச்சுப் பாரு."

அரைத்து வெந்நீர் ஊற்றி ஒரு வாய் குடித்தேன். பாலும் சர்க்கரையும் இல்லாமலே கசக்கவில்லை. முதலில் மல்லிகை வாசம். பிறகு ஆரஞ்சுப் பழத்தின் மெல்லிய புளிப்பு. ருசி பார்த்ததும் துப்பிவிடுவதுதான் எங்கள் வழக்கம். நான் விழுங்கிவிட்டேன். மட்டமான காப்பி ஆறினால் குட்டு வெளிப்பட்டுவிடும். இது ஆற ஆறத் தேனாக இனித்தது. இத்தனை வருடத்தில் இப்படி ஒன்றைக் குடித்ததில்லை.

"கெய்ஷாவா இது? சாதாரணக் கொட்டை. யாரோ உன்னிய நல்லா ஏமாத்திக்கீறாங்க" என்றேன், முதலாளி காதில் விழும்படி.

"இன்னொரு வாட்டி பாரும்மா" என்று கெஞ்சினான்.

"மீனு துன்ன நாக்குக்கு இவ்ளோதான் தெரியும்."

அவன் போனபின் மீதியை ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். நாளை வந்தாலும் இதையேதான் சொல்வேன். அவனுக்காக வருத்தமில்லை. ஆனால் அந்தப் பையில், அதை விளைவித்தவளின் பெயரைப் பேனாவால் எழுதியிருந்தார்கள். மலையில் எங்கோ ஒரு பெண். அதைப் படிக்காமலே இருந்திருக்கலாம்.