அரிசிக்குப் பதில் ராகி

காலைல பதினொண்ணே கால் மணிக்கு சேதி வந்துச்சு. நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல, எந்த வீட்டு லைன் கெட்டிருக்குன்னு சோதிக்கிற மேஜையில உக்காந்திருந்தேன். ஆஸ்பத்திரிலேர்ந்து நர்சம்மா பேசினாங்க. காய்ச்சல் எறங்காமலே நீ போயிட்டதாச் சொல்லிட்டு, "சார், கேக்குதா?"ன்னாங்க. "கிளியரா கேக்குது"ன்னேன். நாள் பூரா லைன் சோதிக்கிறவன் வாய்ல வேற என்ன வரும்?

அப்ப மழை. இப்ப பனி. பக்கத்து வீட்டு கன்னடக்காரம்மா முத்தே, அதான் ராகிக் களி, கிண்டுறாங்க. வெந்த ராகி வாசனை சுவரைத் தாண்டி வருது. அது வந்தா உன் கிளாஸ் ஞாபகமும் வந்துடுது.

ஸ்ரீராம்புரத்துத் தமிழ் ஸ்கூல்ல ஏழாங்கிளாஸ் பசங்களுக்கு நீ சமூகப்பாடம் எடுத்தே. புஸ்தகத்துல கடைசில கொஞ்சம் பொருளாதாரம். மத்தவங்க அதை மனப்பாடம் பண்ணுங்கன்னு விட்டுடுவாங்க. நீ சாயங்காலம் வந்து என்கிட்ட ஒத்திகை பார்ப்பே.

"நீங்க இப்ப ஏழாங்கிளாஸ். கையைக் கட்டுங்க."

"நான் டிப்ளமா படிச்சவன்டி."

"அதனாலதான் உங்களுக்கு ரெண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கு."

ஒரு நாள் சிரிச்சுகிட்டே வந்தே. கிராக்கி ஜாஸ்தியானா என்ன ஆகும்னு கேட்டியாம். "கடைக்காரர் வாங்க வாங்கன்னு ஸ்டூல் போடுவாரு டீச்சர்"னானாம் ஒருத்தன். கன்னடத்துல கிராக்கின்னா கடைக்கு வர்ற ஆளு. தெருவுல கன்னடம், வீட்டுல தமிழ், அவன் என்ன பண்ணுவான்? "தப்புன்னும் சொல்ல முடியலைங்க. ஆளு வந்தாத்தானே விலை ஏறும்"ன்னே.

இன்னொரு நாள் நீ சிரிக்கல. செருப்பைக் கூட கழட்டாம வாசப்படியில உக்காந்துட்டே.

ரேஷன்ல அரிசி கொறைஞ்சிருந்த சமயம் அது. ஒண்ணு கெடைக்காதப்ப அதோட வேலையை இன்னொண்ணு செய்யும், அதுக்குப் பேரு பதிலீட்டுப் பொருள்னு சொல்லிக் கொடுத்திருக்கே. பசங்க கத்தினாங்களாம்: அரிசிக்கு ராகி, சர்க்கரைக்கு வெல்லம், காபிக்கு டீ. ஒரு பொண்ணு எழுந்து, "அம்மாவுக்கு சித்தி, டீச்சர்"னு சொல்லிச்சாம். கிளாசே சிரிச்சுதாம். அந்தப் பொண்ணோட அம்மா செத்ததும், அவங்க தங்கச்சியையே அப்பாவுக்குக் கட்டி வெச்சுட்டாங்களாம்.

"நீ என்ன சொன்னே?"

"இதெல்லாம் பொருளுக்குத்தாம்மா, ஆளுக்கு இல்லைன்னேன். அதுக்கு அவ, 'எங்க சித்திக்கும் அது தெரியும் டீச்சர், அதான் அப்பப்ப அழுவுது'ங்கிறா."

நான் பாவம்னு சொல்லிட்டு ரேடியோவைத் திருப்பினேன். நீ அன்னிக்கு சரியா சாப்பிடல.

நேத்து உங்கப்பா வந்தாரு, உன் தங்கச்சியையும் கூட்டிகிட்டு. நம்ம பொண்ணு அவ இடுப்பை விட்டு எறங்கவே இல்ல. உங்கப்பா காபியைத் தொடாம பேசினாரு. "இப்படியே எத்தனை நாளைக்கு மாப்ளே? கொழந்தைக்கு ஒருத்தி வேணும். வேத்தாளா? சித்திதானே." மகளைப் பறிகொடுத்த மனுசன். கோவப்பட முடியல. "நாளைக்குப் போன் பண்றேன், பதில் சொல்லுங்க"ன்னாரு. அந்த வார்த்தையைப் பாரு. கேட்டதுக்குச் சொல்றதும் பதில்தான், ஒருத்தர் எடத்துல இன்னொருத்தரை வெக்கிறதும் பதில்தான்.

கெளம்பறப்ப உன் தங்கச்சி குழாயடியில கொழந்தை கையைக் கழுவிகிட்டே, நிமிராம சொன்னா: "அத்தான், டீச்சர் டிரெய்னிங்குல எனக்கு எடம் கெடைச்சிருக்கு. வீட்டுல சொல்லல. அம்மா அக்கா பொடவையை எடுத்துக் கட்டிக்கச் சொல்றாங்க. நீங்க சரின்னுட்டா நானும் சரின்னுடுவேன். வேணாம்னா, நீங்களே அப்பாகிட்ட சொல்லணும். நான் சொன்னா கேக்க மாட்டாரு."

பொய் சொல்ல மாட்டேன், ஒரு நிமிஷம் யோசிச்சேன். பசங்களைப் பத்திப் பேசறப்ப அவ குரல் உன் குரல் மாதிரியே இருக்கும். வீட்டுல அந்தக் குரல் கேட்டா போதும்னு தோணிச்சு. அப்பறம் ஏதோ ஒரு வீட்டுல அப்பப்ப அழுவுற அந்தப் பொம்பளை ஞாபகத்துக்கு வந்தா. நான் அவளைப் பார்த்ததே இல்ல.

இன்னிக்குக் காலைல உங்கப்பா மருந்துக் கடைலேர்ந்து பேசினாரு.

"வேணாம் மாமா."

"பொண்ணுகிட்ட என்ன கொறை?"

"கொறையே இல்ல. டிரெய்னிங்குல எடம் கெடைச்சிருக்கு, அனுப்பி வைங்க. அவளும் அக்கா மாதிரி டீச்சர் ஆகட்டும்."

"கொழந்தை?"

"ட்யூட்டி நேரத்துக்கு உங்க வீட்டுல அத்தைகிட்ட விடறேன். மத்த நேரம் நான் பார்த்துக்கிறேன். அதுக்கு அம்மா இல்ல மாமா. இல்லைன்னே வளரட்டும். சித்தி சித்தியாவே இருக்கட்டும்."

லைன் நல்லாத்தான் இருந்துச்சு, அவரு மூச்சு விடறது கேட்டுச்சு. கடைசில, "பெரியவரைப் பேசச் சொல்றேன்"ன்னு வெச்சுட்டாரு. உங்க பெரியப்பா பேசினா யாரும் மறுத்துப் பேச முடியாது, உனக்கே தெரியும்.

உன் பாடத்துல எனக்கு நின்னது ஒரே வரி, பொருளுக்குத்தான், ஆளுக்கு இல்லைங்கிறது. அதை ரெண்டாவது தடவை சொல்ற தெம்பு இப்ப இல்ல. வேலைக்காகக் கொடுத்த போனு இது, இப்படிச் செய்யக் கூடாது. ஆனாலும் ரிசீவரை எடுத்துக் கீழ வெச்சுட்டேன். இப்படி எடுத்து வெச்ச லைனுக்கு எக்ஸ்சேஞ்சுல ஒரு சின்ன விளக்கு அணையாம எரியும். இந்நேரம் எரிஞ்சுகிட்டிருக்கும். என்கூட வேலை பார்க்கிற பசங்க அது யாரு வீட்டு லைன்னு பார்ப்பாங்க, பார்த்துட்டு விட்டுடுவாங்க.