வாய்க்குக் கம்பி போடும் முன்

தங்கச்சி,

‘கர்த்தருக்குள் அன்பான’ என்று ஆரம்பிக்கத்தான் பார்த்தேன். கை கூசுகிறது.

என் தாடை எலும்பு அழுகிவிட்டது. எச்சில் விழுங்கினால் சீழும் சேர்ந்து இறங்குகிறது. என் நாற்றம் எனக்கே குமட்டுகிறது. ஜெபிக்க வந்த போதகரம்மா என் தலையில் ஒரு கையும் தன் மூக்கில் கைக்குட்டையுமாக, “ஆபரேஷனுக்கு ஆண்டவர் யார் மூலமாவது பணம் அனுப்புவாரு” என்றார்.

அனுப்பினார். பணம் கட்டியது யாரென்று தெரியாமலே சபையில் எழுந்து நின்று சாட்சி சொன்னேன். பிறகுதான் ஆஸ்பத்திரி கேஷியர், “உங்க தங்கச்சிதான் முழுசா கட்டிட்டாங்க” என்றார்.

ஆண்டவருக்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா!

சொன்ன ஸ்தோத்திரத்தை நான் திரும்ப வாங்கவில்லை.

உன் கல்யாணத்தன்று வாசலில் நின்று உன் புருஷனை நான் சொன்னதை இங்கே எழுத மாட்டேன். “உன் வாய் அழுகித்தான் போகும்க்கா” என்று நீ அழுதாய். அது அன்றைக்கே நாறிய வாய்தான்.

வெள்ளிக்கிழமை ஆபரேஷன். தாடையைக் கம்பியால் கட்டிவிடுவார்களாம். ஆறு வாரம் என்னால் ஒரு வார்த்தை பேச முடியாது.

அப்போது வா. மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா.

உன் அக்கா