மூன்று படத்திலும் நான்

ஏப்ரல் 7, திங்கள்

காலையிலேயே காங்கை. கடல் பக்கம் இருந்து காற்றே இல்லை.

ரிப்பேருக்குக் குடை மூன்று வந்தது. ஒன்றுக்குக் கம்பி, ஒன்றுக்குத் துணி. மூன்றாவதைத் தூக்கிப் போடச் சொன்னேன், கொண்டுவந்த அம்மா கேட்கவில்லை. ஸ்கூல் பை இரண்டு, ஜிப் வேலை.

எழுதப் படிக்கத் தெரியாதவன் இதை எப்படி எழுதுகிறேன் என்றால், மகள் மேரி போனில் மைக் படம் ஒன்றைக் காட்டிக் கொடுத்தாள். அழுத்திவிட்டுப் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது. என்ன எழுதியது என்று எனக்குத் தெரியாது. யாருக்கும் காட்டப் போவதும் இல்லை.

இன்றைய சேதி. புதுச்சேரி ஆபீசில் இருந்து ஒரு பெண் வந்தது. சின்ன வயசு, தோளில் பெரிய பை. பாகூர் கடைத்தெருவில் கடை முகப்பைச் சரி செய்தால் பாதிச் செலவு அவர்கள், பாதி கடைக்காரர். என்ன என்ன செய்ய வேண்டுமாம்:
பிளெக்ஸ் போர்டு எடுக்கணும், பெயிண்டில் எழுதணும்.
எல்.இ.டி. லைட்.
கூரை ஷீட்டுக்கு மேலே வெள்ளை அடிக்கணும், சூடு இறங்காது.
மழைத் தண்ணீர் சாக்கடைக்குப் போகாமல் குழிக்குப் போகணும்.
வாசலில் செடித் தொட்டி.

மளிகைக்கடை ராஜவேலு, டீக்கடை ஜெயபாலு, பேன்சி ஸ்டோர் செல்வி, மூன்று பேரும் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.

முழுதாகக் கொடுத்தால் புரிகிறது. கொடுக்காவிட்டால் அதைவிட நன்றாகப் புரிகிறது. பாதி எதற்கு? ஜெயபாலுவைக் கேட்டேன்.

"முழுசா குடுத்தா நான் டிவி வாங்கிடுவேன்னு அவங்களுக்குத் தெரியும் பெருசு."

இருக்கும்.

ஏப்ரல் 9, புதன்

தவக்காலம். சுருட்டு இல்லை. வாய் நமநமவென்று இருக்கிறது.

மேடம் திரும்ப வந்தது. (வயசு என் பேத்தி வயசு, எல்லோரும் மேடம் என்கிறார்கள், நானும்.) பலகை மாதிரி ஒரு பெரிய போனில், மூன்று கடையும் வேலை முடிந்த பிறகு எப்படி இருக்கும் என்று காட்டியது. ராஜவேலு கடையை எனக்கு அடையாளமே தெரியவில்லை. பச்சை எழுத்து, வாசலுக்கு இரண்டு பக்கமும் தொட்டி, தொட்டியில் ஏதோ சிவப்புப் பூ. அழகுதான்.

தொட்டி வைத்திருந்த இடம் நான் உட்காரும் இடம்.

என் இடம் என்று ஒன்று கிடையாது, மூன்று. தெரு வடக்குத் தெற்காய் ஓடுகிறது. காலையில் கிழக்குப் பக்கம் நிழல், ராஜவேலு வாசல். உச்சி நேரம் எந்தப் பக்கமும் நிழல் இல்லை, ஜெயபாலுவின் ஷீட்டுக்கு அடியில். வெயில் சாய்ந்ததும் மேற்குப் பக்கம், செல்வி கடை வாசல். என் சாமான் பெட்டிக்குச் சக்கரம் இருக்கிறது, தள்ளிக்கொண்டு போய்விடுவேன். மூன்று வாசலிலும் தொட்டி.

"மேடம், இந்தப் படத்துல ஆளே இல்லியே."

"அது டிசைன் தாத்தா. ஆள் போட மாட்டாங்க."

"வெயிலு எந்தப் பக்கம்?"

அது கொஞ்சம் பார்த்தது. "கம்ப்யூட்டர் வெயில். எங்க வேணா வெச்சுக்கலாம்."

அதை யோசித்துக்கொண்டே இருந்தேன். அப்படி ஒரு வெயில் எனக்கு இருந்தால் பெட்டிக்குச் சக்கரமே வேண்டாம்.

என் பெட்டிக்கும் பாதி கிடைக்குமா என்று கேட்டேன். கடை என்றால் கதவு இருக்க வேண்டுமாம். பெட்டிக்கு மூடி இருக்கிறது என்றேன். சிரித்தது. சிரித்துவிட்டு, மெதுவாகத்தான் சொன்னது: "கடையோட ஆளா இருந்தா வாசல்ல உக்காரலாம் தாத்தா. வேற யாராவதுன்னா ஆக்கிரமிப்புன்னு நான் எழுதணும். அது ரூல்."

ராஜவேலு அரிசி அளந்துகொண்டிருந்தான். கேட்காத மாதிரி இருந்தான்.

ஏப்ரல் 10, வியாழன்

வேலை ஆரம்பிப்பதற்கு முன்னால் கடை எப்படி இருந்தது என்று போட்டோ வேண்டுமாம். அவரவர் போனிலேயே எடுத்து அனுப்பலாம். ராஜவேலு காலையில் எடுத்தான். ஜெயபாலு உச்சியில், கூட்டம் குறைந்த பிறகு. செல்வி சாயந்திரம், விளக்கு போட்டு.

மூன்று பேரில் ஒருவரும் என்னை நகரச் சொல்லவில்லை. செல்வி மட்டும், "அண்ணே, உம்முனு இருக்காத."

முன்னால் எப்படி இருந்தது என்றால் எந்த முன்னால்? ராஜவேலு கடைக்கு அவன் அப்பா காலத்தில் பலகைக் கதவு. ஒரு பலகை தொலைந்து, மாட்டுவண்டிப் பலகையை அறுத்துப் போட்டார், அதில் மட்டும் சக்கரம் உரசின தழும்பு இருக்கும். அதற்கு முன்னால் கீற்று. நடுவில் ஓடு. ஒரு புயலில் ஓடு போய் ஷீட் வந்தது. டீக்கடை இருக்கும் இடத்தில் லாடம் அடித்துக்கொண்டிருந்தார்கள், புகை, குளம்பு கருகின நாற்றம். செல்வி கடை வெறும் மனை, யாரோ கட்டின எருமை ஒன்று எந்நேரமும் நிற்கும். இதில் எதை முன்னால் என்று அனுப்புவது? அவர்களுக்குப் போன வாரம் போதும் போல.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப் பிறப்பு. ராஜவேலு வீட்டில் இருந்து வடை, பாயசம். வேலை இல்லை.

செல்வி பூஜை முடித்து வாசலில் நின்றுகொண்டு, "தொட்டி வந்தா நீ எங்கண்ணே போவ?"

"தொட்டிக்குள்ள."

சிரிக்கவில்லை அவள்.

ஏப்ரல் 21, திங்கள்

நேற்று ஈஸ்டர். கோழிக் குழம்பு, சுருட்டு. சுருட்டு முன்னைப் போல ருசிக்கவில்லை.

இன்று தெருவில் சண்டை, என்னால்.

மூன்று கடை விண்ணப்பமும் ஆபீசில் நின்றுவிட்டது. போன் வந்தது. மூன்று போட்டோவிலும் ஒரே கிழவன், ஒரே பெட்டி, ஒரே சட்டை. ஒரே கடையைப் போர்டு மாற்றி மாற்றி எடுத்து மூன்று பேர் பணம் கேட்கிறீர்களா என்று சந்தேகமாம்.

ராஜவேலு தெருவைத் தாண்டி வந்து, "யோவ், இன்னாத்துக்குயா எல்லா போட்டோலயும் ஒக்காந்துகினு இருக்க?"

"நீதான எடுத்த."

"எடுத்தா? எந்திரிச்சிப் போவறதில்ல?"

"நீ சொல்லலியே."

"எனக்கு நீ அங்க இருக்கறதே தெரியலய்யா, இன்னா பண்ண சொல்ற?"

தினமும் பார்க்கிறவன் கண்ணுக்கே தெரியவில்லை, புதுச்சேரியில் நாற்காலியில் இருக்கிறவருக்குத் தெரிந்திருக்கிறது. அவரை ஒரு தடவை பார்க்க ஆசை.

போட்டோவில் இருப்பவர் யார் என்று ஆளுக்கு ஒரு பதில் எழுதி அனுப்பச் சொல்லி இருக்கிறார்கள். பதில் சரியில்லை என்றால் மூன்று பேருக்கும் இல்லை. ஜெயபாலு ஏற்கெனவே ஷீட்டுக்கு ஆள் சொல்லிவிட்டான். செல்வி தன் பாதிக்கு வளையலைக் கழற்றி அடகு வைத்திருக்கிறாள், கை வெறுமையாக இருக்கிறது, நான் பார்த்தேன்.

ஏப்ரல் 24, வியாழன்

புழுக்கம். மழை வரும் போல இருந்து வரவில்லை.

டீக்கடையில் மூன்று பேரும் சேர்ந்தார்கள். நான் பெட்டிமேல். யார் என்ன எழுதினது என்று பேச்சு வந்தது.

ராஜவேலு சொன்னான்: "எங்க கடை ஆளுன்னு எழுதிட்டன்."

ஜெயபாலு கிளாசைக் கீழே வைத்தான். "நானும் அப்படித்தான எழுதனேன்."

இரண்டு பேரும் செல்வியைப் பார்த்தார்கள்.

"நானுந்தான். வேற இன்னா எழுதறது? யாரோன்னா எழுதறது?"

ஜெயபாலுவுக்குச் சிரிப்பு வந்து அடங்கவில்லை. "பெருசு மூணு எடத்துல சம்பளம் வாங்குதுடா." ராஜவேலு சிரிக்கவில்லை. நாளைக்கு மேடம் நேரில் வருகிறது, என்னையே கேட்கப் போகிறது.

ஆளுக்கு ஒரு யோசனை. ராஜவேலு: "நாளைக்கு வூட்டுலயே இரு." ஜெயபாலு: "வந்து இங்கயே குந்து, நவுராத." செல்வி: "எப்பவும் போல வாண்ணே."

படுத்தும் யோசனை. யாருடைய ஆளும் இல்லை என்று சொன்னால் இவர்கள் மூன்று பேரும் பொய்யர், நான் ஆக்கிரமிப்பு. ஒருவர் பெயரைச் சொன்னால் மற்ற இரண்டு பேர் போனார்கள். மேடம் எந்த மாதிரி கேட்கும்? உட்கார்ந்து கேட்குமா, நின்றுகொண்டா?

செல்வி சொன்னதைத் திரும்பத் திரும்ப நினைத்தேன். யாரோன்னா எழுதறது.

ஏப்ரல் 25, வெள்ளி

எப்போதும் போலப் போனேன். ராஜவேலு வாசல்.

மேடம் நின்றுகொண்டுதான் கேட்டது. "தாத்தா, நீங்க யார் கடை ஆள்?"

"காலையில இவன் கடை. உச்சியில அவன் கடை. சாயந்திரம் அந்தம்மா கடை."

"வெளையாடாதீங்க."

"இல்ல மேடம். நெழலு போற எடத்துக்குப் போறன்."

நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. தோள் பையின் ஜிப் பிளந்து ஊக்கு குத்தி இருந்தது. கொடுங்கள் என்றேன். இரண்டு பக்கப் பல்லும் நன்றாகத்தான் இருந்தது, இழுக்கிற ரன்னர்தான் வாய் விரிந்து போயிருந்தது. அளவான ரன்னர் பை நிறத்தில் இல்லை, சிவப்பில்தான் இருந்தது. பரவாயில்லை என்றது. தையல் பிரித்து மாட்டி முடிப்பதற்குள் வெயில் என் முட்டிக்கு வந்துவிட்டது. எழுந்தேன், பெட்டியைத் தள்ளினேன், பை என்னிடம் இருந்ததால் மேடமும் பின்னாலேயே டீக்கடைக்கு வந்தது.

அங்கே மூன்று பேரையும் கூப்பிட்டு வைத்துக் கேட்டது. "இவருக்குச் சம்பளம் குடுக்கறீங்களா?"

இல்லை.

"அப்போ எந்தக் கணக்குல உங்க ஆளு?"

ராஜவேலு தலையைச் சொறிந்தான். "நான் சரக்கு எடுக்க மார்க்கெட் போனா கடைய இவருதான் பார்த்துக்குவாரு. கல்லா தெறந்துதான் கெடக்கும்."

ஜெயபாலு: "மதியம் நான் தூங்கணும்ல. பாலு பொங்காம பாக்கறது இவரு."

செல்வி: "ராத்திரி பொட்டி எங்க கடையிலதான் இருக்கும். பொம்பள தனியா கடை சாத்தறேன்னு, ஷட்டர் எறக்கற வரைக்கும் போவ மாட்டாரு."

எனக்கே தெரியாது, இதெல்லாம் அவர்களுக்குத் தெரியும் என்று.

மேடம் டீ குடித்தது. சாயந்திரம் வரை இருந்தது. வேறு கடைகளை அளந்துவிட்டுத் திரும்பத் திரும்ப வந்து பார்த்தது. நான் செல்வி வாசலுக்குப் போனதும் அங்கேயும் வந்து ஒரு போட்டோ. காலையில் ஒன்று, உச்சியில் ஒன்று எடுத்திருக்கிறது, எனக்குத் தெரியாமல். போட்டோவின் அடியில் எடுத்த நேரம் தானே விழுமாம்.

"மூணு கடை, ஒரு ஆள். யாரும் பொய் எழுதல," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது.

தொட்டி? கேட்டேன்.

"தொட்டி டிசைன்ல இருக்கு தாத்தா. நான் பேசிப் பாக்கறேன். ப்ராமிஸ் பண்ண முடியாது."

பைக்குக் காசு நீட்டியது. வாங்கினேன். வாங்காமல் இருந்தால் மேடம் அதையும் எழுத வேண்டி இருக்கும்.

மே 6, செவ்வாய்

அக்னி. தார் ஒட்டுகிறது செருப்பில். குடை ஏழு, எல்லாம் அவசரம்.

மூன்று கடைக்கும் கிடைத்துவிட்டது. செல்வி மேரிக்குப் போன் போட்டு முதலில் சொன்னாள், எனக்கு அப்புறம்.

மேடம் புதுப் படத்தைப் பேப்பரில் அடித்துக் கொடுத்து அனுப்பி இருக்கிறது. ஜெயபாலு டீக்கடையில் ஒட்டினான், எல்லோரும் பார்க்கிறார்கள். தொட்டி வாசலை விட்டுச் சாக்கடை ஓரத்துக்குப் போயிருக்கிறது. ஆள் போட மாட்டார்கள் என்றது, போட்டிருக்கிறது. கிழவன், பெட்டி. ராஜவேலு வாசலில் ஒருவன், டீக்கடையில் ஒருவன், செல்வி வாசலில் ஒருவன். மூன்றும் நான்தான், சட்டை அதே சட்டை.

ராஜவேலு இன்று காலை வாசல் பெருக்கும்போது, "கொஞ்சம் நவுருய்யா," என்றான். பெருக்கிவிட்டு, "குந்து," என்றான்.

படத்தில் நிழலும் அடித்திருக்கிறது. கிழக்குப் பக்கமும் நிழல், மேற்குப் பக்கமும் நிழல். அது எந்த நேரம் என்று மேடம் வந்தால் கேட்க வேண்டும்.