ராக்கம்மா பேரில் ஒரு ஸ்லைடு

12.2.82 வெள்ளி

காலையில் பனி. ஜீப் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்தே பேரையூர் வரை போனோம். அங்கிருந்து இன்னும் உள்ளே, பருத்திக் காட்டைத் தாண்டி ஒரு ஊர். பெரிய டாக்டரம்மாவின் (இனி பெ.டா.) ஆராய்ச்சிக்கு இது ஆறாவது முகாம். கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் வருவதற்கு முன்பே கண்டுபிடிக்கிற சோதனை. மரக் குச்சியால் லேசாக வழித்து, ஸ்லைடில் தடவி, ஸ்பிரிட்டில் போட வேண்டும். வலிக்காது. ஆனால் ஒருத்தியைப் படுக்க வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது.

விதி: முப்பது வயது தாண்டியிருக்க வேண்டும். பிள்ளை பெற்றிருக்க வேண்டும். மற்றவர்களைச் சேர்க்கக் கூடாது.

43 பேர். பள்ளிக்கூட வராந்தாவில் சேலை கட்டி மறைப்பு. படுத்துக்கொண்டே ஒருத்தி: "அஞ்சு பெத்துட்டேன், ஒருத்தரும் இம்புட்டு நேரம் பார்த்ததில்ல."

முகாம் டூட்டி எப்போதும் எனக்குத்தான். வார்டு சிஸ்டர் சொல்வது: "உனக்கென்னப்பா, வீட்டுல பிக்கல் பிடுங்கல் கிடையாது." உண்மை. நாலு மணியானால் மற்ற நர்சுகள் செருப்பைத் தேடுவார்கள், பள்ளிக்கூடம் விட்டுவிடும் என்று. எனக்கும் அப்படி ஓட ஆசை. நாற்பத்தொரு வயதில் இதை எழுத வெட்கம். எழுதியாயிற்று.

வாங்க: மண்ணெண்ணெய், வெள்ளை நூல், அவருக்குச் சளி மாத்திரை.

4.3.82 வியாழன்

வெயில் ஆரம்பித்துவிட்டது. லேப் ரிப்போர்ட் வந்தது. 42 பேருக்குக் கவலையில்லை. எண் 27 மோசம். ராக்கம்மா, வயது 38, குழந்தைகள் 4. பெ.டா. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "இன்னும் புத்து ஆகல சிஸ்டர். ஆனா விட்டா ஆயிரும். ஆளைக் கூட்டிட்டு வாங்க."

அவள் முகத்தை நினைத்துப் பார்க்கிறேன். வரவில்லை. முகாமில் முகத்தை யார் பார்த்தது?

8.3.82 திங்கள்

இரண்டு பஸ், ஒரு மைல் நடை. குதிகால் வெடிப்பில் மண். ராக்கம்மாவிடம் விவரம் சொன்னேன். "எனக்கா?" என்றாள். பக்கத்தில் முறத்தோடு அவள் ஓரகத்தி, அதாவது கொழுந்தன் பெண்டாட்டி. அவளை ஒரு பார்வை பார்த்தாள். வாசலில் மாமியார். பிறகு "சரி, வாரேன்" என்று சேலையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ஆஸ்பத்திரி மேஜையில் காலை இறுக்கிக்கொண்டாள். முதல் தடவை வருகிறவள் மாதிரி. பயம் போல என்று விட்டுவிட்டேன். மறுபடி ஸ்லைடு எடுத்தாயிற்று.

15.3.82 திங்கள்

ராக்கம்மாவுக்கு ஒன்றுமில்லை. சுத்தம். முகாமுக்கு வந்த சின்ன டாக்டர், "முதல் ஸ்லைடு லேப்ல தப்பாயிருக்கும் மேடம்" என்றாள். பெ.டா. அரை மனதாகத் தலையாட்டினார்.

சாயங்காலம் முகாம் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். எண் 27, குழந்தைகள் 4. அதற்கு நேரே, என் கையெழுத்தில்: "வாய், சிறு வட்டம்." டாக்டர் பார்த்துச் சொல்லச் சொல்ல நான் எழுதியது. பிள்ளை பெறாதவளுக்குத்தான் கர்ப்பப்பை வாய் அப்படி வட்டமாக இருக்கும். நாலு பெற்றவளுக்குக் குறுக்கே கீறினாற்போல இருக்கும். இருபது வருஷமாகத் தெரிந்த விஷயம். அன்றைக்குக் கை எழுதியது, புத்தி எங்கேயோ போயிருக்கிறது. சீ.

ஸ்லைடு ராக்கம்மாவுடையது இல்லை. அன்றைக்கு ஓரகத்தியைப் பார்த்த அந்தப் பார்வை.

17.3.82 புதன்

லீவு போட்டுவிட்டுப் போனேன். மாமியார் காதுக்கு எட்டாமல் கிணற்றடியில் பேச்சு. ஓரகத்தி பெயர் பஞ்சவர்ணம். வயது 31, கல்யாணமாகிப் பத்து வருஷம். பிள்ளை இல்லை.

ராக்கம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். "எனக்கு வெக்கமா இருந்துச்சு நர்சம்மா, வரமாட்டேன்னுட்டேன். இவ உன் பேரைக் குடு அக்கான்னா. பிள்ளை இல்லாதவளைப் பார்க்க மாட்டாகளாம்ல. அன்னைக்கு நீங்க வந்தப்ப அத்தை நின்னாக. எப்பிடிச் சொல்றது?"

பஞ்சவர்ணம் வாளிக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே: "மதுரைலருந்து டாக்டர் வாராகன்னாக. உள்ள பார்த்தா ஏன் தங்கலைன்னு தெரிஞ்சிரும்னு நினைச்சேன். கேக்கலாம்னு வாயெடுத்தேன். அதுக்குள்ள அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டீக."

கூப்பிட்டது நான்தான். பஸ்ஸில் அழுகை. திருப்பரங்குன்றம் வந்த பிறகுதான் கண்ணைத் துடைத்தேன். ஸ்டாண்டில் தெரிந்தவர்கள் இருப்பார்கள்.

22.3.82 திங்கள்

பஞ்சவர்ணம் வந்தாள், புருஷனோடு. அவரிடம் எல்லாம் சொல்லிவிட்டாளாம். பெ.டா. திட்டவில்லை. சோதனைக்குச் சதை எடுத்து லேபுக்கு அனுப்பியாயிற்று. வீட்டில் அரிசியில் வண்டு. சலிக்க வேண்டும்.

29.3.82 திங்கள்

ரிசல்ட். மேலாகத்தான் இருக்கிறது, உள்ளே இறங்கவில்லை. அதனால் இரண்டு வழி. ஒன்று, கர்ப்பப்பையை எடுத்துவிடுவது. மற்றது, கெட்ட இடத்தை மட்டும் கர்ப்பப்பை வாயிலிருந்து வெட்டி எடுப்பது. கர்ப்பப்பை தங்கும். ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும். வராமல் விட்டால் உயிருக்கே ஆபத்து.

பெ.டா. எடுத்துவிடலாம் என்றார். "ரெண்டு தடவை வருவாங்க, மூணாந்தடவை வரமாட்டாங்க. அப்படி எத்தனை பேரைப் பறிகொடுத்துட்டேன்." தப்பாகச் சொல்லவில்லை.

புருஷன்: "எடுத்துருங்கம்மா. இவ இருந்தாப் போதும்." நல்ல மனுஷன்.

பஞ்சவர்ணம் தரையைப் பார்த்தபடி: "அவரு சொல்லிட்டாரு. நான் இன்னும் சொல்லலையே."

"நீ என்னம்மா சொல்ற?"

"அடியோட எடுத்துட்டா, ஆசைப்படக்கூட முடியாதுல்ல."

என் வாய் தானாகத் திறந்தது. "மேடம், ஆறு மாசத்துக்கு ஒருக்கா நானே போய்க் கூட்டிட்டு வாரேன்."

"எத்தனை வருஷம்?"

"ரிட்டையர் ஆகுற வரைக்கும். அதுக்கு மேலயும் வாரேன்."

பெ.டா. பேனாவைத் திறந்தார். சின்ன ஆபரேஷனையே எழுதினார்.

அவளுக்காகப் பேசினேனா, எனக்காகவா? எனக்கு இருபத்தெட்டு வயதில் எடுத்தார்கள். ரத்தப்போக்கு. எடுத்ததால்தான் பிழைத்தேன். கையெழுத்துப் போட்டவர் என் வீட்டுக்காரர். மயக்கம் தெளிந்த பிறகுதான் எனக்குச் சொன்னார்கள். அவர் மேல் கோபம் இல்லை. இன்றைக்கும் கைப்பிள்ளையைக் கண்டால் நெஞ்சு வலிக்கிறது, அவ்வளவுதான்.

5.4.82 திங்கள்

புழுக்கம். வார்டில் இரண்டு ஃபேன் ஓடவில்லை. பஞ்சவர்ணம் அட்மிஷன், நாளைக்கு ஆபரேஷன். துணைக்கு ராக்கம்மா, தட்டும் தம்ளரும் போர்வையுமாக. "அத்தைகிட்ட வயித்துவலின்னு சொல்லியிருக்கு" என்று சிரித்தாள்.

கேஸ் ஷீட் நான் எழுதினேன். பெயரை அவளே சத்தமாகச் சொன்னாள். வயது. ஊர். குழந்தைகள் என்ற இடத்தில் "இல்லை" என்று எழுதினேன். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவள். அந்த இடத்தில் விரலை வைத்தாள்.

"அப்பிடி எழுதாதீக நர்சம்மா."

"வேற என்னம்மா எழுத?"

"இன்னும் இல்லைன்னு எழுதுங்க."

ஆராய்ச்சிக் கணக்கில் அப்படியெல்லாம் எழுதக் கூடாது. பெ.டா. கேட்பார். "இல்லை"க்கு முன்னால் கொஞ்சம் இடம் இருந்தது. நெருக்கி எழுதிக்கொடுத்தேன்.