சக்கர வியூகத்தில் இரண்டு சுற்று

இன்று காலை கார்க் கண்ணாடியிலிருந்து பி ஸ்டிக்கரை உரித்தேன். புது ஓட்டுநருக்கான இரண்டு ஆண்டுக் கெடு முடிந்துவிட்டது. பசை விரலை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. உனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, டீச்சர். அறுபத்து மூன்று வயதில் நான் முழு ஓட்டுநர்!

‘டீச்சர்’ என்றே நாம் ஒருவரையொருவர் கூப்பிட்டோம். கிள்ளானில் ஒரே பள்ளியில் நான் கணக்கு, நீ தமிழ். நீ ஓட்டுவாய், நான் பக்கத்தில் உட்கார்ந்து கதை பேசி வருவேன். ஓய்வுபெற்ற பிறகு பிரிக்பீல்ட்ஸுக்குச் சேலை வாங்கப் போனாலும் அப்படித்தான். பிறகு உனக்குப் புற்றுநோய் வந்தது. கீமோ மருந்தில் உன் விரல்கள் மரத்துப்போயின. உன் மகளோ வெளிநாட்டில். கோலாலம்பூர் மருத்துவமனைக்கு உன்னை யார் அழைத்துப் போவது?

“வாடகைக் காரு கூப்பிடலாமே,” என்றேன்.

“நான் வாந்தி எடுத்தா டிரைவர் மூஞ்ச பாக்கணும். உன் மூஞ்சி பரவால்ல. நீ கத்துக்க.”

ஓட்டுநர் பள்ளியில் மேட்டில் நிறுத்தி எடுக்கும்போதெல்லாம் கார் பின்னால் உருண்டது. அழாத குறையாக வந்து சொன்னேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

“ஒருத்தரு மலையையே பேத்துத் தூக்கிட்டுப் பறந்தாரு. உன்னத் தூக்கவா சொன்னாங்க? மேல ஏறி நிக்கத்தானேலா சொன்னாங்க!”

வீரக் கதைகளை நான் கோயில் சுவரில் பார்த்துக் கும்பிட்டதோடு சரி. நீ அந்த வீரர்களை நம் அன்றாடத்துக்குள் இழுத்து வந்தாய். வாய்ப்பாட்டுக்குப் பயந்த பிள்ளையிடம், “பத்துத் தல அரக்கன்தான். ஒரு நாளைக்கு ஒரு தல வெட்டு, போதும்,” என்பாய். கணக்கு டீச்சரான எனக்கு அந்த எடுத்துக்காட்டு தோன்றவே இல்லை!

உரிமம் கிடைத்தது. ஆனால் உன் வீட்டுக்கு அருகிலிருக்கும் அந்தப் பெரிய வட்டச் சந்திப்பு, ரவுண்டபவுட்! நுழைந்துவிடுவேன், வெளியே வர முடியாமல் திணறுவேன். நீ அதற்குச் சக்கர வியூகம் என்று பெயர் வைத்தாய். தாய் வயிற்றிலிருந்தபடியே ஒரு பிள்ளை அந்தப் படை அமைப்புக்குள் நுழையும் வழியைக் கேட்டுக்கொண்டான். வெளியேறும் வழியைக் கேட்பதற்குள் தாய் தூங்கிவிட்டாள். வளர்ந்து போருக்குப் போனவன் திரும்பவில்லை.

“அப்ப நானும் செத்தேனா?” என்றேன்.

“ச்சீ, வாயக் கழுவு. அவன் அம்மா தூங்கிட்டாங்க. நான் முழிச்சிக்கிட்டு இருக்கேன்ல? பாதிதான் தெரியும்னு தெரிஞ்சும் உள்ள போனான் பாரு, அதான்டி வீரம். மீதிய நான் சொல்றேன். சிக்னல் போடு. கண்ணாடியப் பாரு. வா, வா, வா!”

அப்படித்தான் ஒவ்வொரு முறையும் வெளியே வந்தோம், அந்த மதியம் வரை. சிகிச்சை முடிந்து திரும்பிக்கொண்டிருந்தோம். ஏசிக் குளிர் உனக்கு ஆகாதென்று சன்னல் கண்ணாடிகளை இறக்கியிருந்தேன். ரவுண்டபவுட்டுக்குள் நுழைந்ததும், “இப்பவா?” என்று கேட்டேன். பார்த்தால், நீ வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாய்.

எழுப்பக் கை போனது. நாள்கணக்கில் சரியாகத் தூங்காதவள். கையை எடுத்துக்கொண்டேன்.

இடப்பக்கம் மோட்டார் சைக்கிள்கள் விடவில்லை. ஒரு சுற்று முடிந்தது. உள்ளே வரக் காத்திருந்த லோரிக்காரர் என்னை மறுபடியும் பார்த்துவிட்டார்.

“ஆன்டி, கோயிலயா சுத்துறீங்க?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் தோள் இளகியது. அதுவரை வண்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது அவற்றுக்கு நடுவிலிருந்த இடைவெளி தெரிந்தது. சிக்னல் போட்டேன். கண்ணாடியைப் பார்த்தேன். வெளியே வந்துவிட்டேன், டீச்சர்! கத்த வேண்டும்போல் இருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன்.

வாசலில் நிறுத்திய பிறகுதான் கண் விழித்தாய்.

“ரவுண்டபவுட் வந்திருச்சா?”

“அதத் தாண்டி எவ்வளவு நேரமாச்சு!”

“தனியாவா வந்த?” மரத்துப்போன கைகளால் நீ தட்டிய அந்தக் கைத்தட்டலுக்கு எந்த விருதும் ஈடில்லை.

போன ஆண்டு நீ போய்விட்டாய். உன் காரை எனக்கென்று மகளிடம் சொல்லி வைத்திருந்தாய். இப்போது பண்டமாரானிலிருந்து ஓர் அக்காவை அதே மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறேன். முதல் நாள் அவர் என் நரையைப் பார்த்துக் கதவருகிலேயே நின்றார்.

“டீச்சர், நெஜமாவே ஓட்டத் தெரியுமா?”

“பாதி தெரியும். ஏறுங்க.”

“மீதி?”

“போற வழியில பாத்துக்கலாம்கா.”

சிரித்துக்கொண்டே ஏறினார். திரும்பும்போது அவரும் தூங்கிவிட்டார். நான் எழுப்பவில்லை.